சாம்பிராணி போடாத பொங்கல்

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி வந்த தலைப்பொங்கல். இடம், கீழப்பழுவூர் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் வீடு. அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருக்கும்போதே ஏன் கல்யாணம் என்று கேட்காதீர்கள். நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்று எங்கள் வாலிகண்டபுரத்து வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லியே முடித்துவிட்டார்கள். படிப்பை முடித்தே தீருவேன் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையிடம்கூடக் கேட்கவில்லை, வருங்கால மாமியாரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கேட்கும்போது உள்ளுக்குள் பயந்தது எனக்குத்தான் தெரியும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “படிச்சுக்க, வேணாங்கல. ஆனா வூடு சுத்தமா இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு” என்றார்.

சுத்தம் என்றால் அப்படி இப்படி இல்லை. அத்தை கூட்டிய தரையில் இலை போடாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம். செவ்வாயும் வெள்ளியும் தூபக்கால் நிறைய நெருப்பள்ளி, மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணிப் புகை காட்டுவார். கொசு, ஈ, பூச்சி எதுவும் அந்த வீட்டில் வாடகைக்குக்கூட இருக்க முடியாது. ஒரு ஈ உள்ளே வந்துவிட்டால் அது வெளியே போகும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்த நான், கல்லூரியில் என்ன படித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஈ வளர்த்துக்கொண்டிருந்தேன்!

சிரிக்காதீர்கள். பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிக் கடுகளவில் ஈக்கள் மொய்க்குமே, பழ ஈ, அதுதான். பாரம்பரியம் எப்படி அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது என்று படிக்க அதைவிட வசதியான உயிர் இல்லை. பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். சாதாரண பழ ஈக்குக் கண் செக்கச்செவேலென்று இருக்கும். எங்கள் லேபில் இருந்தது வெள்ளைக்கண் ஈ. அபூர்வமான ரகம். எங்கள் மேடம் திருச்சியில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. கொடுத்தவரிடமே இப்போது அந்த ரகம் அழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் புராஜெக்ட் முழுக்க அந்த வெள்ளைக்கண்ணை நம்பித்தான்.

அந்த லேபை இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கில் வாசம் அடிக்கும். மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி எல்லாம் போட்டுக் கிளறி ஈக்குச் சாப்பாடு செய்வோம். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத்துக்கா பஞ்சம்? என் அப்பா ஒரு பை அரைத்துக் கொடுத்தனுப்புவார். வெல்லம் கொதித்து மாவு வேகும்போது அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்து, “அக்கா, எங்களுக்கு ஒரு வாய் இல்லையா?” என்பார்கள். அதைச் சூடாகக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஈயை உள்ளே விட்டு, பஞ்சை உருட்டி வாயை அடைத்துவிடுவோம். கொஞ்ச நாளில் புழு ஊரும், கூட்டுப்புழு சுவரில் ஒட்டும், அப்புறம் புது ஈ வரும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அந்த பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தின்றிருக்கிறோம். ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. அந்த வயசும் அந்தச் சிரிப்பும் வேறு.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வழக்கம் இருந்தது. நீண்ட விடுமுறை வந்தால் லேபைப் பூட்டிவிடுவார்கள். ஈக்கு விடுமுறை தெரியுமா? அதற்குச் சாப்பாடு மாற்ற வேண்டுமே. அதனால் முறை வைத்து யாராவது ஒருவர் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோவோம். தீபாவளிக்கு ஹாஸ்டல் தோழி ஒருத்தி கொண்டுபோனாள். பொங்கலுக்கு என் முறை வந்தது. அந்த வாரம் பார்த்து லேபில் இருந்த மற்ற பாட்டில்களில் பூஞ்சை பிடித்து, எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது. மிச்சம் இருந்தது நாலே நாலு பாட்டில். “இது போச்சுன்னா உன் புராஜெக்ட் போச்சு. அடுத்த வருஷம்தான் பாக்கணும்” என்று மேடம் எச்சரித்துத்தான் அனுப்பினார்.

அடுத்த வருடமா? கல்யாணமான பெண்ணை இன்னொரு வருடம் பஸ் ஏற்றி யார் அனுப்புவார்கள்? ஏற்கெனவே மாமாவின் தங்கை, என் கணவருக்கு அத்தை, வரதராஜன்பேட்டையிலிருந்து வரும்போதெல்லாம், “கல்யாணம் ஆயிட்டுது, இன்னும் என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?” என்று ஊதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இந்த செமஸ்டரில் முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு பாட்டிலையும் ஒயர் கூடையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ் குலுங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கூடையை எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஊறுகாயா?” என்றார். “ஆமாக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது?

பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு நின்ற என் கணவர் கூடையைப் பார்த்ததும் பதறிவிட்டார். “அம்மாகிட்ட ஈன்னு மட்டும் சொல்லிடாத. தலைப்பொங்கலும் அதுவுமா சாமியாடிரும். காலேஜ் சாமான்னு சொல்லிட்டுப் பேசாம இரு” என்றார். அப்படியே சொன்னேன். சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் பாட்டில்களை வைத்தேன். நடுக்கூடத்தில் என் அப்பா அன்று காலை இறக்கிவிட்டுப் போயிருந்த பொங்கல் சீர் அடுக்கியிருந்தது. புதுப் பானை, கரும்புக் கட்டு, அரிசி, வெல்லம், உத்தரத்தில் தொங்கும் ஒரு பூவன் தார். எங்கள் பக்கம் தலைப்பொங்கல் சீரில் வரும் தாரைப் பொங்கலன்று சீப்பு சீப்பாக அறுத்துப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். பெண் வீட்டுச் சீர் எப்படி என்று ஊர் கணக்குப் பார்ப்பது அந்தச் சீப்பை வைத்துத்தான்.

மறுநாள் போகி. விடிந்ததிலிருந்து அத்தை ஒட்டடை அடித்து, பாத்திரம் பண்டம் எல்லாம் எடுத்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் கூட மாட வேலை செய்தேன். பிறகு மஞ்சள் கொத்து, பூ, பூசை சாமான் வாங்க என்னையும் என் கணவரையும் அரியலூருக்கு அனுப்பினார். கடைத்தெருவில் கூட்டம் அலைமோதியது. திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

கொல்லைப்பக்கம் கை கால் கழுவப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் நாலு கண்ணாடி பாட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது. நான் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக்கூட அத்தை சுரண்டி எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. “அத்தே!” என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகமாக வந்தார். “பாத்தியா, எப்படி இருக்குன்னு? உள்ள ஒரே புழு, ஏ புள்ள. காலேஜ் பாட்டிலாச்சே, இப்படிக் கொண்டு போனா உன்ன வைய மாட்டாங்களா? நம்ம வூட்டுப் புள்ளயப் பத்தி என்ன நெனப்பாங்க?”

எனக்காகச் செய்திருக்கிறார். மருமகளின் மானம் போய்விடக் கூடாதென்று, போகியன்று அத்தனை வேலைக்கு நடுவில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அது என் புத்திக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த நேரத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“உங்கள யாரு கழுவச் சொன்னது? அதுதான் என் படிப்பே! உள்ள இருந்ததை என்ன பண்ணீங்க?”

“கோழிக்குக் கொட்டுனேன்” என்றார் அத்தை. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எருக்குழியைப் பார்த்தேன். கோழிகள் ஒரு புழு மிச்சம் வைக்கவில்லை. கடைசிப் பருக்கை வரை கொத்தி முடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு நின்றன.

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் கணவர் வந்து அம்மாவுக்கு நடந்ததை எல்லாம் சொன்னார். ஈ என்பதையும் சொன்னார். அத்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சரிதான், வந்து நாலு மாதத்தில் மாமியாரைக் கை நீட்டாத குறையாகக் கத்தியாயிற்று, ஈ வளர்க்கிற குட்டும் உடைந்தாயிற்று, இனி படிப்பாவது மண்ணாவது என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவிலேயே மேடத்துக்கு போன் போட்டேன்.

மேடம் திட்டவில்லை. நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “பஞ்சை எங்க வச்சு எடுத்தாங்க? வெளியவா, உள்ளயா?”

எனக்குத் தெரியவில்லை. அத்தையைக் கேட்கப் பயம். என் கணவர்தான் போய்க் கேட்டார். சமையற்கட்டு ஜன்னலண்டை வைத்துத்தான் பஞ்சைப் பிடுங்கினாராம். “பொடிப்பொடியா என்னமோ பறந்துச்சு, கொசுன்னு நெனச்சேன்” என்றாராம்.

“அப்ப வளந்த ஈயெல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கு” என்றார் மேடம். “ரொம்ப தூரம் போகாது. பழுத்த வாழைப்பழத்தை அங்கங்க வை. புகை மட்டும் போட்டுடாதீங்க. மத்த ஈயையும் விரட்டாத, அதோட கலந்துதான் வரும். பொட்டை ஒண்ணு கெடைச்சாப் போதும்மா. பாட்டிலுக்குள்ளயே அது ஆணோட சேந்திருக்கும். அந்த ஒண்ணுல இருந்து மொத்தத்தையும் திரும்ப உண்டாக்கிடலாம்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அத்தை அந்த நேரம் பூசையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் தூபக்கால். போகிக்குப் புகை காட்ட நெருப்பு கனகனவென்று சிவந்திருந்தது. சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். ஒரு சிட்டிகை போட வேண்டியதுதான் பாக்கி.

என்னைப் பார்த்தார். தூபக்காலைப் பார்த்தார். விறுவிறுவென்று கொல்லைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். சுர்ரென்று சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், “பொங்க முடியற வரைக்கும் இந்த வூட்டுல யாரும் சாம்பிராணி போடக்கூடாது, ஊதுவத்தி கொளுத்தக் கூடாது. சொல்லிட்டேன்” என்றார். அப்புறம் தாரைக் காட்டி என்னிடம், “அதுல பழுத்த சீப்பு எது வேணும்னு பாத்துச் சொல்லு” என்றார்.

“அத்தே, அது சீருக்கு...”

“பங்காளிங்க வாழப்பழம் திங்காம செத்தா போயிருவாங்க?”

பொங்கலன்று அந்த வீடு இருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் பானை பொங்கி, குலவை போட்டு, எல்லாம் ஆயிற்று. சாமி கும்பிடும்போது மாமா, “என்ன, சாம்பிராணி வாசத்தையே காணோம்?” என்றார். “கற்பூரம் மட்டும் வாசல்ல காட்டியாச்சு, கும்புடுங்க” என்று அத்தை முடித்துவிட்டார். வீட்டுக்குள்ளே மூலைக்கொரு தட்டில் உரித்த வாழைப்பழம். நசுங்கி, கறுத்து, தேன் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பழம் போட்டு, மேலே பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிச் செருகியிருந்தேன். உள்ளே போகிற ஈக்கு வெளியே வர வழி தெரியாது. ஈ என்றால் ஈ, ஊர்ப்பட்ட ஈ. எங்கிருந்துதான் வந்ததோ, வாழைப்பழ வாசத்துக்குக் கொல்லையில் இருந்ததெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பழைய பாட்டில்களில் புதிதாகச் சாப்பாடு செய்து ஊற்ற வேண்டியிருந்தது. ஈஸ்ட்டும் கடல்பாசியும் மாவும் என் பையில் இருந்தது. சீர் வெல்லத்தில் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். “மொதல்ல சாமிக்குப் படைச்சுட்டு வரேன், அப்புறம் ஈக்குக் கிண்டு” என்றார் அத்தை. கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டம்ளரில் விழுந்த ஈயை அப்படியே ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் மயங்கிவிடும். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகக் கண்ணைப் பார்க்க வேண்டும். அத்தை ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் காலி பண்ணிக் கொடுத்தார். பார்த்தேன், பார்த்தேன், கண் பூத்துப்போகிற வரை பார்த்தேன். அத்தனையும் சிவப்பு. ஊர் ஈ.

மத்தியானப் பந்தி நேரத்தில்தான் வரதராஜன்பேட்டைச் சித்திரகுப்தி வந்து சேர்ந்தார். அவருக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. ஒன்று விடாமல் கணக்கு வைத்துக்கொள்வார். முந்திரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவர் மூக்கில் சேலையை வைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணி இது? நல்ல நாளும் அதுவுமா வூடு பூரா ஈ மொய்க்குது! ஒங்க வூட்டுலயா இது?” அப்புறம் உத்தரத்தைப் பார்த்தார். “சீரு தாரு இன்னும் தொங்குது? யாருக்கும் குடுத்தனுப்பலயா? தெக்குத் தெருவுல கேக்குறாங்க, சம்பந்தி வூட்டுலேருந்து தாரே வரலயான்னு.”

நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அத்தை என்ன சொல்லப் போகிறார் என்று பயம். அந்த ஊரில் அத்தையின் வீட்டுச் சுத்தத்தைச் சொல்லித்தான் மற்ற மருமகள்களைத் திட்டுவார்கள். அந்தப் பெயர் ஒரே நாளில் என்னால் போய்க்கொண்டிருந்தது.

அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “எம் மருமவ படிப்புக்கு வேணும். ஈயும் வேணும், தாரும் வேணும். உனக்கு ஒவ்வலன்னா மூக்கப் பொத்திக்கிட்டுச் சாப்புடு.”

நான் சமையற்கட்டுக்குள் போய் அழுதேன். இந்த முறை வேறு அழுகை.

சாயங்காலம் வரை ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. “விடுங்கத்தே, எல்லாத்தையும் கழுவிடலாம். ஊர்ல பேச்சு வாங்குனது போதும்” என்றேன். அத்தை கேட்கவே இல்லை. சாப்பிட்ட இலையைக்கூட உடனே எறிந்துவிடும் மனுஷி, பழத்தோல்களை எல்லாம் ஒரு வாளியில் போட்டுச் சமையற்கட்டு ஜன்னலுக்குக் கீழே அப்படியே விட்டுவைத்தார். அந்த நாற்றத்தில் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

மாட்டுப் பொங்கலன்று காலை அந்த ஜன்னலடி டம்ளரைத் தட்டில் கொட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு... ஒன்று மட்டும் வெள்ளை. ஊறின ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று கண்!

“கெடச்சிருச்சு!” என்று நான் போட்ட கூச்சலில் மாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த மாமா, என் கணவர் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். அத்தை லென்ஸை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இத்துனூண்டு கண்ணு. இதுக்காடி அந்த அழுவ அழுத?” என்றார். அப்புறம் சட்டென்று, “இது பொட்டையா?” என்று கேட்டார்.

மறுபடி லென்ஸை வைத்துப் பார்த்தேன். வயிற்று நுனி மழுங்கிக் கறுத்திருந்தது. “ஆண், அத்தே.”

“ஆம்பளையா? ச்சே!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “இந்த ஆம்பளைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

மாமா மெதுவாகத் திரும்பி மாட்டிடமே போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கவலையிலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கிடைத்த ஆணை வைத்தும் சுற்றி வளைத்து அந்த ரகத்தை மீட்கலாம்தான், ஆனால் தலைமுறைகள் கூடும், நாள் போதாது. பெண் வேண்டும். அதைச் சொன்னேன். அவ்வளவுதான், வீடு முழுக்க ஒரே பேச்சு, “பொட்டை வேணும், பொட்டை வேணும்.” முந்தின நாள் என் தலையில் கை வைத்து, “மொதப் புள்ள ஆம்பளப் புள்ளயா பெத்துக் குடு” என்று ஆசீர்வதித்த அதே வரதராஜன்பேட்டைக்காரர், இப்போது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இந்தா, இது வெள்ளையா பாரு. இது? மாரியாத்தா, பொட்டையா ஒண்ணக் காட்டும்மா” என்று அவர் வேண்டிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

மாரியாத்தாள் காட்டினாள். மத்தியானத்துக்கு மேல், தாருக்கு நேர் கீழே அத்தை வைத்திருந்த டம்ளரில், கறுத்துப்போன கடைசிச் சீப்பின் பழத்தைத் தேடி வந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் வெள்ளைக்கண். இரண்டும் வயிறு நுனி கூராக, கோடு கோடாக, சந்தேகமே இல்லாமல் பெண். அந்தத் தாரை வழக்கப்படி அறுத்துக் கொடுத்திருந்தால் அந்தச் சீப்பு அங்கே இருந்திருக்காது. நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டு, “சரி சரி, மொதல்ல அதுங்கள அடைச்சு வையி, பறந்துரப் போவுது” என்றார்.

மூன்றையும் பாட்டிலுக்குள் விட்டுப் பஞ்சால் அடைத்ததும் அத்தை துடைப்பத்தை எடுத்தார் பாருங்கள்! பொழுது சாய்வதற்குள் ஒரு ஈ மிச்சமில்லை. வீடு முழுக்கக் கழுவிவிட்டார். சாம்பிராணி மட்டும் போடவில்லை. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, பைக் தெரு முனையைத் திரும்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

அந்த ஈக்களின் பிள்ளைகளில் சிவப்புக்கண்ணும் கலந்துதான் வந்தது. பொறுக்கி ஒதுக்கி, வெள்ளையைத் தனியாகப் பெருக்கி, புராஜெக்டை முடித்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “இந்த ரகம் எங்கிருந்து கிடைத்தது?” என்று கேட்டார். “மாமியார் வீட்டுச் சீர் சார்” என்று நாக்கு நுனி வரை வந்தது. மேடம் என்னைப் பார்த்து முறைத்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தத்தில் ஒன்றிரண்டு பேர், “மொதலு பொட்டையாப் போச்சா” என்று இழுத்தார்கள். நான் சோர்ந்து படுத்திருந்தேன், சண்டை போடத் தெம்பில்லை. அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “பொட்டை ஒண்ணு இருந்தாப் போதும், மொத்தமும் திரும்ப வந்துரும். எம் மருமவ படிச்ச படிப்புல அப்படித்தான் இருக்கு” என்றார். வரதராஜன்பேட்டைக்காரர், “ஆமா ஆமா, நானே கண்ணாடியப் போட்டுப் பாத்திருக்கேன்” என்று சாட்சி சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். தையல் வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

இப்போது நாங்கள் அரியலூரில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் போகிக்கு ஊருக்குப் போனால், அத்தை வீட்டை மொத்தமும் கழுவி முடித்திருப்பார். துவைக்கிற கல்லின் மேல் மட்டும் ஊறுகாய் பாட்டில், எண்ணெய் பாட்டில், மாமாவின் மருந்து பாட்டில் எல்லாம் கழுவாமல் நிற்கும். எனக்காகக் காத்திருக்கும். “நீ ஒரு தடவ பாத்துச் சொல்லிரு, அப்புறம் கழுவுறேன்” என்பார். நான் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல அத்தே, கழுவிக்கலாம்” என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால், படிக்கப் போகட்டுமா என்று பயந்துகொண்டே அவரிடம் கேட்டு நின்றவள் நான். இன்று ஒரு காலி பாட்டிலைக் கழுவ அவர் என்னைக் கேட்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் புளியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறேன்.